இரண்டு வரியில் தள்ளுபடி செய்தால், உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று அர்த்தமா?

#1 பொருநை

எல்லோருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் ஒரு அரசுத் துறையில் 11 வருடம் தொகுப்பூதியத்தில் இருந்து, அப்புறம் நிரந்தரமானவர். ஓய்வு பெற்றபோது அந்த 11 வருடத்தை ஓய்வூதியக் கணக்கில் சேர்க்க முடியாது என்று துறை சொல்லிவிட்டது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி எங்கள் பக்கம் தீர்ப்பளித்தார். துறை மேல்முறையீட்டுக்குப் போக, இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. நகையை அடகு வைத்து டெல்லிக்குப் போனோம். ஒரு திங்கள்கிழமை காலை வழக்கு வந்தது. வக்கீல் வாயைத் திறந்து இரண்டு நிமிடம் இருக்காது, முடிந்துவிட்டது. தாமதம் மன்னிக்கப்படுகிறது, உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட விரும்பவில்லை, மனு தள்ளுபடி. எனக்குப் புரிந்த வரை ஆணையில் இருப்பது அவ்வளவுதான்.

தோற்றதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். பிரச்சினை அதற்கப்புறம்தான் வந்தது. அதே துறையில் அண்ணனைப் போலவே இன்னும் 40 பேர் இருக்கிறார்கள். அவர்கள் மனு கொடுத்ததற்கு, “இவ்விஷயத்தில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்து உறுதி செய்துவிட்டபடியால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது” என்று ஆளுக்கொரு கடிதம் வந்திருக்கிறது. என்னால்தான் அத்தனை பேருக்கும் கதவு அடைந்துபோனது என்று அண்ணன் சரியாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

துறை எழுதியது சரியா? இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. அரசியல் சாசனத்தை விளக்க 700 பக்கம் எழுதும் அதே நீதிமன்றம் எங்கள் வழக்கை இரண்டு வரியில் முடிப்பது எப்படி?

#2 கருப்பங்கி

அம்மா, முதலில் உங்கள் அண்ணனைச் சாப்பிடச் சொல்லுங்கள். துறை எழுதியது தவறு.

நான் 20 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். டெல்லிக்கும் அடிக்கடி போய் வருகிறேன். நீங்கள் போட்டது மேல்முறையீடு அல்ல. மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் மனு. சாசனத்தின் 136வது பிரிவில் வரும் சிறப்பு அனுமதி மனு, எங்கள் பேச்சில் எஸ்.எல்.பி. அனுமதி கொடுப்பதும் கொடுக்காததும் நீதிமன்றத்தின் விருப்பம். அதை உரிமையாகக் கேட்க முடியாது. கீழ்க்கோர்ட்டில் தப்பு நடந்திருந்தாலும், நாங்கள் கையில் எடுக்கும் அளவுக்கு இது இல்லை என்று அவர்கள் நினைத்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

திங்களும் வெள்ளியும் வழக்கமாக இந்த அனுமதி மனுக்களுக்கான நாட்கள். அன்றைக்கு அந்த வராந்தாவில் நின்று பார்த்தால் உங்களுக்கே புரியும். பலகையில் ஐட்டம் நம்பர் ஓடிக்கொண்டே இருக்கும். 31 என்று காட்டும்போது டீ குடிக்கப் போனவர் திரும்பி வருவதற்குள் 38 ஆகியிருக்கும். ஜூனியர் கதவோரம் நின்று கையைக் காட்டுவார், சீனியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடுவார். பேப்பர் புக்கை, அதாவது வழக்கின் ஆவணக் கட்டை, நீதிபதிகள் முன்கூட்டியே படித்துவிட்டு வந்திருப்பார்கள். நாங்கள் பேசும் அந்த இரண்டு நிமிடம், அவர்கள் மனதில் ஏற்கெனவே இருக்கிற முடிவை அசைக்க முடியுமா என்று பார்க்கத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அனுமதி கொடுக்காமல் காரணமும் சொல்லாமல் தள்ளுபடி செய்தால், உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாக ஆகாது. 2000ல் குன்ஹயம்மது எதிர் கேரள மாநிலம் வழக்கில் மூன்று நீதிபதிகள் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். 141வது பிரிவின்படி உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். உங்கள் ஆணையில் எந்தச் சட்டமும் அறிவிக்கப்படவில்லையே, அப்புறம் எதைப் பின்பற்றுவது? அனுமதி கொடுத்து, மேல்முறையீடாக எண் போட்டு, அதற்குப் பிறகு தள்ளுபடி செய்திருந்தால் கதை வேறு. அப்போது கீழ்த்தீர்ப்பு மேல்தீர்ப்போடு கலந்துவிடும். இன்னொரு எச்சரிக்கை: தள்ளுபடி ஆணையிலேயே காரணம் எழுதி அதில் ஒரு சட்டக் கருத்தும் சொல்லியிருந்தால், அந்தக் கருத்து கட்டுப்படுத்தும். அதனால் ஆணையை வரிக்கு வரி இங்கே தட்டச்சு செய்யுங்கள். பெயர், எண் எதுவும் வேண்டாம்.

#3 தேர்வுக்கூடம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் சார், நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பேப்பரில் “உச்ச நீதிமன்றம் அதிரடி” என்று வருவதில் எது உண்மையான சட்டம், எது வெறும் தள்ளுபடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#4 ராகவி டீச்சர்

தம்பி, எத்தனை நீதிபதிகள் உட்கார்ந்தார்கள் என்று முதலில் பார். நான் வகுப்பில் இதைத்தான் முதல் நாள் சொல்லித் தருவேன்.

நம் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியையும் சேர்த்து 34 இடங்கள் என்று 2019ல் ஆனது. எல்லோரும் ஒன்றாக உட்காருவதில்லை. இரண்டு பேராக, மூன்று பேராகப் பிரிந்து உட்காருகிறார்கள். சாசனத்துக்குப் பொருள் சொல்ல வேண்டிய முக்கியமான கேள்வி எழுந்தால் குறைந்தது ஐந்து பேர் வேண்டும் என்கிறது 145(3). அதுதான் சாசன அமர்வு. ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்றும் அமர்ந்திருக்கிறார்கள். சின்ன அமர்வு பெரிய அமர்வின் தீர்ப்பை மாற்ற முடியாது. சம எண்ணிக்கை அமர்வுக்கு மாற்றுக் கருத்து இருந்தால், தானே மாற்றி எழுதாமல் பெரிய அமர்வுக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2015ல் ஆதார் வழக்கு நடந்தபோது, அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று ஒன்றிய அரசு வாதாடியது. அதற்கு ஆதாரமாகக் காட்டியது 1954ல் எம்.பி. சர்மா வழக்கில் 8 நீதிபதிகள் சொன்னதையும், 1962ல் கரக் சிங் வழக்கில் 6 நீதிபதிகள் சொன்னதையும். மூன்று பேர் அமர்வால் அவற்றைத் தாண்ட முடியவில்லை. ஐந்து பேருக்குப் போனது, அவர்களாலும் முடியாது. கடைசியில் எட்டைத் தாண்டுவதற்காகவே ஒன்பது பேர் உட்கார்ந்து, 24.8.2017 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் சொன்னார்கள். அதுதான் புட்டசாமி தீர்ப்பு.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்று தமிழ்நாடு 2009ல் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் பட்டியல் சாதிகளை உட்பிரிவு செய்யக் கூடாது என்று 2004லேயே சின்னையா வழக்கில் ஐந்து பேர் சொல்லியிருந்தார்கள். 2020ல் வேறு ஐந்து பேர், அது தவறு என்று கருதுகிறோம் என்றார்கள். ஐந்தை ஐந்தால் வெல்ல முடியாது. ஏழு பேருக்குப் போய், 1.8.2024 அன்று 6க்கு 1 என்ற கணக்கில் உட்பிரிவு செல்லும் என்று வந்தது. தவறு என்று தெரிந்த பிறகும் நாலு வருடம். கல்லூரி வாசலில் நின்ற பிள்ளைகளுக்கு அந்த நாலு வருடம் என்ன என்று எனக்குத் தெரியும்.

#5 குடந்தை முத்து

டீச்சர், நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கவலைதான் வருகிறது. சட்டத்தின் பொருள் தலை எண்ணிக்கையில் முடிவாகிறதா? நாடாளுமன்றம் சாசனத்தை எவ்வளவு தூரம் திருத்தலாம் என்று கேட்ட வழக்குகளையே பாருங்கள். கோலக்நாத் 1967ல் 6க்கு 5. கேசவானந்த பாரதி 1973ல் 7க்கு 6. ஒரே ஒரு ஆள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் நாடே வேறு மாதிரி போயிருக்கும். கோடிக்கணக்கான மக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பிய நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஒரு திருத்தம் கொண்டுவருகிறது. நாம் யாரும் தேர்ந்தெடுக்காத ஒருவர் அது செல்லாது என்கிறார். இதில் நியாயம் எங்கே? நிஜமாகவே கேட்கிறேன், சண்டைக்கு இல்லை.

#6 நூலகவாசி

முத்து அண்ணே, கேள்வி சரியான கேள்வி. நான் வக்கீல் இல்லை, தீர்ப்புகளைப் படிப்பதில் பித்து உள்ளவன். அந்த ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

கேசவானந்த பாரதி, காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தின் தலைவர். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் மடத்து நிலம் போவதை எதிர்த்து வழக்குப் போட்டார். அது நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்ற வழக்காக வளர்ந்துவிட்டது. 13 நீதிபதிகள், 68 நாள் வாதம், 24.4.1973 அன்று தீர்ப்பு. ஒரே தீர்ப்பு இல்லை, பதினோரு தனித்தனித் தீர்ப்புகள். எல்லாவற்றிலிருந்தும் பெரும்பான்மைக் கருத்து இதுதான் என்று ஒரு சுருக்கம் எழுதி நீட்டியபோது 9 பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள், 4 பேர் போடவில்லை. தலைமை நீதிபதி சிக்ரி அதோடு ஓய்வு பெற்றார்.

ஆறு பேர் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்றார்கள். ஆறு பேர் இல்லை என்றார்கள். நடுவில் நின்றவர் எச்.ஆர். கன்னா. அவர் இரண்டு பக்கத்தையும் முழுதாக ஏற்கவில்லை. அடிப்படை உரிமைகள் உட்பட எந்தப் பகுதியையும் நாடாளுமன்றம் திருத்தலாம் என்றார். அதில் அவர் எல்லை இல்லை என்றவர்கள் பக்கம். ஆனால் சாசனத்தைத் திருத்தும் முறையைச் சொல்லும் 368வது பிரிவில் இருக்கும் சொல் ‘திருத்தம்’ என்பதைப் பிடித்துக்கொண்டார். திருத்தினால் பழைய சாசனம் மாறிய வடிவத்திலாவது உயிரோடு இருக்க வேண்டும், அதன் அடிப்படைக் கட்டமைப்பு போய்விட்டால் அது திருத்தமே இல்லை என்றார். நம் வீட்டுப் பிள்ளை நோட்டில் ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் அங்கே ஒரு வாக்கியம் இருக்கும். தாளையே கிழித்துப் போட்டுவிட்டுத் திருத்திவிட்டேன் என்றால் ஏற்போமா? ஒரு சொல்லை அவ்வளவு தூரம் மதித்துப் படித்ததில்தான் அந்த ஏழாவது ஓட்டு பிறந்தது.

அதற்கப்புறம் நடந்ததையும் பாருங்கள். எல்லை உண்டு என்ற பக்கத்தில் இருந்த ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி, எதிர்ப்பக்கத்தில் இருந்த ஏ.என். ராயைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். 1975 நவம்பரில் அவசரநிலை நடுவே இந்தத் தீர்ப்பையே மறுபடி பார்க்க 13 பேர் அமர்ந்தார்கள். வழக்கறிஞர் பால்கிவாலா எதிர்த்து வாதாடினார். இரண்டு நாள் வாதத்தோடு அந்த அமர்வு கலைக்கப்பட்டது. 1976ல் 42வது திருத்தம், எந்தச் சாசனத் திருத்தத்தையும் எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்கக் கூடாது என்றது. 1980ல் மினர்வா மில்ஸ் வழக்கில் அது விழுந்தது. ஓட்டுப் பெரும்பான்மை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதற்கு அந்த மூன்று வருடமே போதுமான பதில் என்று நான் நம்புகிறேன்.

#7 மலைச்சரிவு

நான் கூடலூர். ஜென்மம் நிலம் என்ற சொல்லைக் கேட்காத வீடு எங்கள் பக்கம் இல்லை. பரம்பரை உரிமையாக ஜமீன் போல ஒரு குடும்பத்திடம் இருந்த நிலம் அது, இங்கே நிலம்பூர் கோவிலகத்துக்குச் சொந்தமாக இருந்த பூமி. அந்த ஜென்ம முறையை ஒழித்து, உழுபவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரியாக மாற்ற 1969ல் தமிழ்நாடு சட்டம் போட்டது. 1972ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டு, காடுகளை அரசு எடுப்பது மட்டும் செல்லாது என்றது. உடனே 1974ல் 34வது திருத்தம் மூலம் அந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். அட்டவணைக்குள் போனால் அடிப்படை உரிமையைக் காட்டி வழக்குப் போட முடியாது. 1951ல் நிலச் சீர்திருத்தச் சட்டங்களைக் காப்பாற்ற 13 சட்டங்களோடு தொடங்கிய பட்டியல் அது, இப்போது 284.

கோர்ட் ரத்து செய்ததை அட்டவணையில் வைத்து மீட்டுக்கொள்ளலாமா? இந்தக் கேள்விதான் ஐ.ஆர். கோயலோ எதிர் தமிழ்நாடு. 1999ல் ஐந்து பேர் ஒன்பது பேருக்கு அனுப்பினார்கள், 11.1.2007 அன்று தீர்ப்பு வந்தது. கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 24.4.1973க்குப் பிறகு அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் உரசிப் பார்க்கலாம் என்றார்கள். வழக்கின் தலைப்பில் கோயலோ என்ற பெயருக்குப் பக்கத்திலேயே ‘இறந்துவிட்டார், சட்ட வாரிசுகள் மூலம்’ என்று இருக்கும். இன்றைக்கு இந்தியா முழுக்க மாணவர்கள் படிக்கும் வழக்கு. வழக்குப் போட்டவர் அதைப் பார்க்க இல்லை. எங்கள் மலைக்காட்டு வழக்கு அது என்பதுகூட இங்கேயே பலருக்குத் தெரியாது.

நம் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டமும் 1994ல் 76வது திருத்தத்தால் அதே அட்டவணையில் ஏறியதுதான். அது 1973க்குப் பிறகு என்பதால் அதையும் உரசிப் பார்க்கலாமா என்று தேதியை வைத்து யோசித்துக்கொள்ளுங்கள்.

#8 குடந்தை முத்து

கூடலூர் விஷயம் எனக்குப் புதிது. நன்றி தம்பி.

நூலகவாசி, உங்கள் பதிலில் பாதி ஏற்கிறேன். ஆனால் அதே அவசரநிலையில் அதே நீதிமன்றம் என்ன செய்தது? 28.4.1976, ஜபல்பூர் வழக்கு. காரணம் சொல்லாமல் சிறையில் வைத்தாலும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று 4க்கு 1. சாசன அமர்வுதான், ஐந்து பேர்தான். எண்ணிக்கை இருந்து என்ன பயன்?

#9 கருப்பங்கி

முத்து சார், அந்தத் தீர்ப்பை நினைத்தால் இந்த அங்கியைப் போட்டிருக்கும் எங்களுக்கே கூச்சமாக இருக்கும். அந்த ஒன்று யார் தெரியுமா? அதே கன்னா. 1977 ஜனவரியில் அவரை விட்டுவிட்டு பெக்கைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். கன்னா ராஜினாமா செய்துவிட்டுப் போனார். 44வது திருத்தம் வந்து, அவசரநிலையிலும், உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தரும் 21வது பிரிவை நிறுத்தி வைக்க முடியாது என்று ஆனது. 2017ல் அந்தரங்கத் தீர்ப்பில் ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று வெளிப்படையாகத் தள்ளினார்கள். தள்ளி எழுதியவர்களில் ஒருவர் டி.ஒய். சந்திரசூட். 1976ல் அந்த நால்வரில் ஒருவர் அவருடைய தந்தை.

மாறுபட்ட தீர்ப்பையும் கோர்ட் அழிப்பதில்லை, தீர்ப்போடு சேர்த்தே அச்சடிக்கிறது. 1950ல் ஏ.கே. கோபாலன் மதராஸ் சிறையில் இருந்தபடி போட்ட வழக்கில் நீதிபதி பசல் அலி தனியாக நின்று, சட்டம் சொல்லும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றார். 1978ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் ஏழு பேர் அமர்வு அந்தப் பாதைக்கே வந்து சேர்ந்தது. 21வது பிரிவில் இடையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

#10 தேர்வுக்கூடம்

அப்போ மசோதாக்களுக்கு ஒப்புதல் தராமல் வைத்திருந்த ஆளுநர் வழக்கு சார்? இரண்டு நீதிபதிகள் சொன்னதை ஐந்து பேர் மாற்றிவிட்டார்கள் என்கிறார்களே.

#11 ராகவி டீச்சர்

அதைப் பொறுமையாகப் படி தம்பி. 8.4.2025 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று, முழு நீதி கிடைக்க எந்த ஆணையும் போட அதிகாரம் தரும் 142வது பிரிவைப் பயன்படுத்தித் தீர்ப்பளித்தது, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடுவும் வைத்தது. இது சாசனத்துக்குப் பொருள் சொல்லும் கேள்வி, ஐந்து பேர்தான் கேட்டிருக்க வேண்டும் என்ற ஆட்சேபம் அப்போதே எழுந்தது. குடியரசுத் தலைவர், நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வழி தரும் 143வது பிரிவில் 14 கேள்விகளை அனுப்பினார். ஐந்து பேர் 20.11.2025 அன்று, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவது என்ற ஒன்றும் சாசனத்தில் இல்லை, ஆனால் காரணமே சொல்லாமல் வருடக்கணக்கில் கிடப்பில் போட்டால் ஓரளவு தலையிடலாம் என்றார்கள்.

இது கருத்துரை, மேல்முறையீட்டுத் தீர்ப்பு அல்ல. முடிந்துபோன தீர்ப்பைத் திருப்ப 143ஐப் பயன்படுத்த முடியாது என்று 1991ல் காவிரி விவகாரத்தில் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. காலக்கெடு வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனாலும் அதை ஐந்து பேர் முன்னால் வாதாடி வென்றிருந்தால் நமக்குப் பலமாக இருந்திருக்கும்.

#12 பொருநை

நடுவில் இரண்டு நாள் வர முடியவில்லை. எல்லாப் பதிவையும் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். கூடலூர் தம்பி எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

ஆணையைத் தேடி எடுத்தேன். நான் முதலில் எழுதியதில் ஒரு வரியை விட்டிருக்கிறேன், அதற்கு அர்த்தம் புரியவில்லை என்பதால். முழுசாக: “தாமதம் மன்னிக்கப்படுகிறது. உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட விரும்பவில்லை. சட்டக் கேள்வி ஏதேனும் இருந்தால் அது திறந்தே வைக்கப்படுகிறது. சிறப்பு அனுமதி மனு தள்ளுபடி. நிலுவையிலுள்ள விண்ணப்பங்கள் இருந்தால் அவையும் முடித்துவைக்கப்படுகின்றன.”

#13 கருப்பங்கி

மூன்றாவது வாக்கியத்தைச் சிவப்பு மையில் கோடு போட்டு வையுங்கள் அம்மா. இந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். இரு நீதிபதிகள் அமர்வின் உயர் நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே நிற்கிறது, அந்த 40 பேருக்கும் அது பெரிய தடை. அவர்கள் வழக்குப் போட்டு, அந்தத் தீர்ப்பை மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வுக்கு அனுப்பக் கேட்க வேண்டியிருக்கும். சம அமர்வால் மாற்ற முடியாது என்று டீச்சர் சொன்ன விதி அங்கேயும் உண்டு. உங்கள் அண்ணனுக்கு குன்ஹயம்மதுப்படி உயர் நீதிமன்றத்திலேயே சீராய்வு, அதாவது தன் தீர்ப்பைத் தானே மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கும் வழி இருக்கிறது. அதற்குத் தீர்ப்பில் பார்த்தவுடன் தெரியும் பிழை வேண்டும், நாளும் கடந்திருக்கிறது. எளிதாக ஜெயிக்கலாம் என்று சொல்ல மாட்டேன். 137வது பிரிவில் உச்ச நீதிமன்றத்திலேயே சீராய்வு கேட்கலாம்தான், ஆனால் அது நீதிபதிகளின் அறைக்குள் சுற்றுக்கு விட்டு முடிவாவது. மரண தண்டனை வழக்கு போன்றவை தவிர வாதமே இருக்காது. அதில் காசைப் போடாதீர்கள்.

இப்போதைக்கு துறையின் கடிதத்துக்கு 40 பேரும் பதில் அனுப்பட்டும்.

#14 பொருநை

நேற்று ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் 14 பேர் கூடினார்கள். அண்ணன்தான் எழுதச் சொன்னார். முதல் வரி இப்படி: “எங்கள் சக ஊழியரின் வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் கேள்வியைத் திறந்து வைத்துள்ளது.” சரிதானே சார்?

#15 கருப்பங்கி

இல்லை அம்மா. ‘தவறு என்று’ என்பதை எடுத்துவிடுங்கள். அவர்கள் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. “உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை, சட்டக் கேள்வியைத் திறந்தே வைத்துள்ளது. எனவே உறுதி செய்துவிட்டது என்ற தங்கள் கூற்று ஆணையில் இல்லை” என்று மட்டும் எழுதுங்கள். ஆணையின் நகலை இணையுங்கள்.

#16 பொருநை

மாற்றிவிட்டோம் சார். நாளைக்குக் காலையில் ஸ்பீட் போஸ்டில் போகிறது. அண்ணன் நகலெடுக்கக் கடைக்குப் போயிருக்கிறார்.